நிதி கோரும் விண்ணப்பம்: எது அதற்கு வலிமை தருகிறது?

வினாவின் வயது

ஒரு புதிய தொழில் இன்னும் வருவாய் ஈட்டாமல், சில சமயங்களில் விற்பதற்குரிய பொருளையே செய்து முடிக்காமல் இருக்கும் நிலையில், அதற்குப் பணம் தரலாமா வேண்டாமா என்பதைச் சில பக்கத் தாள்களை மட்டும் பார்த்து எவ்விதம் தீர்மானிப்பது? இவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சி முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. 1946ஆம் ஆண்டில், ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் டோரியோவும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து பாஸ்டன் நகரில் அமெரிக்கன் ரிசர்ச் அண்ட் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கியபோது, குடும்பச் செல்வமோ வங்கியின் தயவோ இல்லாத விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் முன்பின் அறியாதவர்களிடம் எழுத்து மூலம் மூலதனம் கேட்கும் பழக்கம் ஓர் ஒழுங்கான உருவத்தைப் பெற்றது எனலாம்.

அந்த ஸ்தாபனத்தின் சரித்திரத்தில் மிகவும் புகழ்பெற்ற விண்ணப்பம் 1957இல் வந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் லிங்கன் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த கென் ஓல்சன், ஹார்லன் ஆண்டர்சன் என்னும் இரு பொறியாளர்கள் கணினி செய்யும் நிறுவனம் ஒன்றைத் தொடங்க விரும்பினார்கள். இயக்குநர் குழுவின்முன் செல்வதற்கு முன்னால், ‘கணினி’ என்ற சொல்லையே உச்சரிக்க வேண்டாம் என்று அவர்களுக்கு யோசனை கூறப்பட்டது. பெரிய நிறுவனங்களே அத்துறையில் நஷ்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே, ஆய்வுக்கூடங்களுக்குப் பயன்படும் சிறு மின்னணுத் தொகுதிகளை முதலில் செய்து விற்போம் என்று அவர்கள் விண்ணப்பித்து 70,000 டாலர் மூலதனம் பெற்றார்கள். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் பிறந்தது இவ்விதந்தான். பின்னர் அது கணினியும் செய்தது. முதலிட்டவர்களுக்குப் பன்மடங்கு திருப்பியும் தந்தது.

இந்தச் சம்பவத்தை இரண்டு விதமாக வாசிக்கலாம். படிப்பவரின் அச்சத்தை அறிந்து எழுதியதால் விண்ணப்பம் வென்றது என்பது ஒரு வாசிப்பு. எழுத்து எப்படியிருந்தாலும், அவ்விருவரும் ஏற்கெனவே செய்து காட்டியிருந்த வேலையே அவர்களுக்காகப் பேசியது என்பது மற்றொன்று. பிற்காலத்தில் எழுந்த அபிப்பிராய பேதங்களில் பெரும்பகுதி இவ்விரு வாசிப்புகளுக்கும் இடையிலேயே நிகழ்ந்திருக்கிறது.

மனிதரா, சந்தையா, நுட்பமா

கலிஃபோர்னியாவில் துணிகர மூலதனத் தொழிலை வளர்த்தவர்களிடையே மூன்று கட்சிகள் இருந்தன என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆர்தர் ராக் மனிதர்களைப் பார்த்தார். விண்ணப்பத்தில் மற்ற பகுதிகளைவிட விண்ணப்பித்தவரின் வரலாற்றையே அவர் ஊன்றிப் படித்தார். 1972இல் செக்கோயா நிறுவனத்தைத் தொடங்கிய டான் வாலன்டைன் சந்தையைப் பார்த்தார். பெரிய சந்தை இருந்தால் சாதாரண மனிதரும் அதில் கரையேறலாம் என்பது அவர் கருத்து. அதே ஆண்டில் கிளைனர் பெர்கின்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான டாம் பெர்கின்ஸ், பிறர் எளிதில் செய்ய இயலாத நுட்பம் ஒன்று கையில் இருக்கிறதா என்று பார்த்தார். மூவரும் பெருஞ்செல்வம் ஈட்டினார்கள் என்பதால், அவர்களுடைய வெற்றியைக் கொண்டு எந்தக் கட்சி சரியென்று நிர்ணயிக்க வழியில்லை.

கல்வியுலகம் இதில் புகுந்தபோது முதலில் செய்தது, முதலீட்டாளர்களையே கேட்டதுதான். மக்மில்லன், சீகல், சுப்பா நரசிம்மா ஆகிய மூவர் 1985இல் வெளியிட்ட ஆய்வில், முதலீட்டாளர்கள் மிக முக்கியமென்று குறித்த பத்து அளவுகோல்களில் ஐந்து, தொழில்முனைவோரின் அனுபவத்தையோ குணத்தையோ பற்றியவையாக இருந்தன. கோம்பர்ஸ், கோர்னால், கப்லான், ஸ்ட்ரெபுலாயெவ் ஆகியோர் 681 நிறுவனங்களைச் சேர்ந்த 885 முதலீட்டாளர்களிடம் விசாரித்து 2020இல் வெளியிட்ட பெரிய ஆய்விலும் இதே தொனிதான் கேட்கிறது: நிர்வாகக் குழுவை முக்கியமான காரணமாகச் சொன்னவர்கள் 95 சதவீதம், அதையே தலையாய காரணமாகச் சொன்னவர்கள் 47 சதவீதம்.

இத்தகைய ஆய்வுகளின் பலவீனம் வெளிப்படை. ஒருவர் எதைப் பார்த்துத் தீர்மானிப்பதாகச் சொல்கிறாரோ, அதைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார் என்பதற்கு உறுதியில்லை. இக்குறையை நீக்க முயன்ற ஒரு பரிசோதனை குறிப்பிடத்தக்கது. பெர்ன்ஸ்டைன், கோர்ட்வெக், லாஸ் ஆகியோர் ஏஞ்சல்லிஸ்ட் தளத்தின் வழியாக ஏறத்தாழ 4,500 முதலீட்டாளர்களுக்குப் புதிய நிறுவனங்களைப் பற்றிய மின்னஞ்சல்களை அனுப்பி, எவருக்கு எந்தத் தகவல் கண்ணில் படும் என்பதைத் தற்செயல் முறையில் மாற்றி மாற்றி அமைத்தார்கள். நிறுவனர்களைப் பற்றிய தகவலைக் கண்டவர்களே மேலும் அறிய முன்வந்தார்கள். விற்பனை வளர்ச்சியைப் பற்றியோ, ஏற்கெனவே பணம் போட்டவர்களைப் பற்றியோ தந்த தகவல் சராசரி முதலீட்டாளரை அவ்வளவாக அசைக்கவில்லை. சொன்னதும் செய்ததும் இங்கே ஒத்துப்போகின்றன என்பது உண்மைதான். ஆனால் மேலும் அறிய விரும்புவது வேறு, பணத்தை எடுத்துக் கொடுப்பது வேறு. அப்பரிசோதனை அளந்தது முன்னதையே.

இதற்கு எதிர்த் திசையிலிருந்து வந்த சான்று கப்லான், சென்சாய், ஸ்ட்ரோம்பெர்க் ஆகியோருடையது. குதிரையின்மேல் பந்தயம் கட்டுவதா, குதிரைமேல் இருப்பவன்மேல் கட்டுவதா என்று தம் துறையினர் நெடுங்காலமாகக் கேட்டுவந்த கேள்வியையே தலைப்பாக வைத்து, 50 நிறுவனங்களை அவற்றின் ஆரம்பகாலத் திட்ட அறிக்கையிலிருந்து பங்குச் சந்தைக்கு வந்த பின்வரை அவர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். தொழிலின் அடிப்படை பெரும்பாலும் மாறாமல் இருந்தது. நடத்திய மனிதர்களோ கணிசமாக மாறியிருந்தார்கள். பங்குச் சந்தைவரை வந்து சேர்ந்த நிறுவனங்களை மட்டுமே அவர்கள் பார்த்தார்கள் என்பதால், இடையிலே தொழிலை மாற்றிக்கொண்டு தப்பிப் பிழைத்தவை, மாற்றாமல் மடிந்தவை ஆகியவற்றைப் பற்றி இந்த ஆய்வு அதிகம் சொல்லாது. எனினும், ‘மனிதர்களே எல்லாம்’ என்று எளிதாகச் சொல்லிவிடும் வழக்கத்துக்கு இது ஒரு தக்க தடையாக இன்றும் நிற்கிறது.

விண்ணப்பம் எழுதுகிறவருக்கு இந்த விவாதத்தால் கிடைக்கும் நேரடிப் பயன் குறைவே. ‘நல்ல குழு’ என்பதைப் படிவத்தில் எவ்வாறு காட்டுவது? பெரும்பாலோர் பட்டங்களையும் முன்பு பணிபுரிந்த பெரிய நிறுவனங்களின் பெயர்களையும் எழுதுகிறார்கள். அவை உழைப்பால் பெற்றவை என்பதில் சந்தேகமில்லை. ஆயினும், இந்தக் குறிப்பிட்ட காரியத்தைச் செய்ய இவர்கள் ஏன் தகுந்தவர்கள் என்ற கேள்விக்கு அவை பல சமயங்களில் விடையாவதில்லை.

திட்ட அறிக்கையின் ஏற்றமும் தளர்ச்சியும்

நெடுங்காலம்வரை, வலிமையான விண்ணப்பம் என்றால் முழுமையான வணிகத் திட்ட அறிக்கை என்றே பொருள் கொள்ளப்பட்டது. ஐந்தாண்டு வருவாய்க் கணிப்பு, போட்டியாளர் பட்டியல், நிர்வாக அமைப்பு என நாற்பது ஐம்பது பக்கங்கள் நீளும் இந்த ஆவணத்தை எழுதக் கற்பிப்பதற்கென்றே வகுப்புகளும் போட்டிகளும் தோன்றின.

இந்த நம்பிக்கையைச் சோதித்தவர்கள் கிர்ஷ், கோல்ட்ஃபார்ப், கெரா ஆகிய மூவர். அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்கு வந்த 722 நிதிக் கோரிக்கைகளை அவர்கள் ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவின்படி, திட்ட அறிக்கை இணைக்கப்பட்டிருந்ததா என்பதற்கும் நிதி கிடைத்ததா என்பதற்கும் உள்ள தொடர்பு மிக மெலிந்தது. அறிக்கையின் உள்ளடக்கத்துக்கும் அப்படியே. முதலீட்டாளர்கள் தமக்கு வேண்டியதை வேறு வழிகளில் தெரிந்துகொள்கிறார்கள் என்று அவர்கள் கருதினார்கள். ஒரே நிறுவனத்தின் கோப்புகளிலிருந்து உலகனைத்துக்கும் முடிவு கூறுவது நியாயமன்று. ஆனாலும், இன்னும் ஒரு பொருளைக்கூட விற்காதவர் ஐந்தாம் ஆண்டு லாபத்தை ரூபாய் அளவில் எழுதுவதில் உள்ள வெறுமை இந்த ஆய்வு வருவதற்கு முன்பே பலருக்குத் தெரிந்திருந்தது; தெரிந்தும் படிவங்கள் அதைக் கேட்டுக்கொண்டேயிருந்தன, இன்றும் பல கேட்கின்றன.

சிறு கேள்விகளின் வழி

2005இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பால் கிரஹாம், ஜெஸிகா லிவிங்ஸ்டன், ராபர்ட் மோரிஸ், டிரெவர் பிளாக்வெல் ஆகிய நால்வர் தொடங்கிய ஒய் காம்பினேட்டர், திட்ட அறிக்கையை ஒதுக்கிவிட்டு, ஒரு கேள்விப் படிவத்தையும் பத்து நிமிட நேர்காணலையும் தேர்வு முறையாக்கியது. முதல் கோடையில் எட்டுக் குழுக்களே சேர்க்கப்பட்டன. இப்போது அது ஒவ்வொரு நிறுவனத்திலும் 5,00,000 டாலர் இடுகிறது; அதில் 1,25,000 டாலர் ஏழு சதவீதப் பங்குக்கானது, எஞ்சியதன் விலை அடுத்த முதலீட்டின்போது நிர்ணயமாகும். உலகெங்கும் பின்னர் எழுந்த துரிதப்படுத்தும் திட்டங்கள் பலவும் அதன் கேள்விகளைச் சிறு மாற்றங்களோடு எடுத்தாள்கின்றன. ஆதலால் இம்முறையைச் சற்று விரிவாகக் காண்பது தகும்.

அப்படிவம் கேட்பவை பார்வைக்கு எளியவை. நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? இதை யார் பயன்படுத்துகிறார்கள்? உங்கள் போட்டியாளர்கள் யார், அவர்கள் அறியாத எதை நீங்கள் அறிவீர்கள்? நிறுவனர்கள் எவ்வளவு காலமாக ஒருவரையொருவர் அறிவார்கள்? கணினி அல்லாத ஏதேனும் ஓர் அமைப்பைச் சாமர்த்தியமாக வளைத்துப் பயன் அடைந்ததுண்டா என்ற ஒரு கேள்வியும் அதில் இருந்தது. விண்ணப்பதாரர்களுக்குக் கிரஹாம் சொல்லிவந்த ஆலோசனையின் சாரம், முதல் வாக்கியத்திலேயே பொருள் இன்னதென்று விளங்க வேண்டும், விளம்பர நடை கூடாது என்பதாகும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிவங்களைப் படிப்பவர், ஆரம்ப வரிகளில் பொருள் புரியாவிட்டால் அடுத்ததற்குப் போய்விடுவார்.

டிராப்பாக்ஸ் நிறுவனர் டிரூ ஹூஸ்டன் 2007இல் அளித்த விண்ணப்பம் பின்னர் பொதுவில் வெளியானது. அதைப் படிப்பவர்களுக்கு முதலில் தென்படுவது, அது எவ்வளவு சாதாரணமான நடையில் எழுதப்பட்டிருக்கிறது என்பதே. ஒரு குழுவினரின் கணினிகள் அனைத்திலும் கோப்புகளைத் தானாகவே ஒன்றுபோல் வைத்திருக்கும் கருவி என்று பொருளைச் சொல்லிவிட்டு, இதே வேலையைச் செய்வதாகச் சொல்லும் மற்றவை எங்கெங்கே தடுக்குகின்றன என்பதை, அவற்றைப் பயன்படுத்தி அலுத்துப்போனவர் பேசுகிற விதத்தில் அவர் எடுத்துரைக்கிறார். போட்டியாளர்கள் இல்லை என்று எழுதும் விண்ணப்பங்கள் ஏராளம். தேடிப் பார்க்கவில்லை என்பதையே அந்த வாக்கியம் பெரும்பாலும் அறிவிக்கிறது. ஹூஸ்டனின் பட்டியல் இதற்கு மாறாக, அவர் அத்துறையில் வாழ்ந்திருக்கிறார் என்பதற்கு அத்தாட்சியாக அமைந்தது. அவர் தனியாக இருந்ததுதான் கிரஹாமுக்குக் குறையாகப் பட்டது; துணை நிறுவனர் ஒருவரைத் தேடிக்கொள்ளச் சொன்னார், அவ்வாறே ஆராஷ் ஃபெர்டோசி வந்து சேர்ந்தார்.

வேறு இரு நிகழ்ச்சிகள் இம்முறையின் உள்ளப்போக்கை மேலும் தெளிவாக்குகின்றன. ஸ்டீவ் ஹஃப்மனும் அலெக்ஸிஸ் ஒஹானியனும் கைபேசி வழியாக உணவு வரவழைக்கும் யோசனையுடன் 2005இல் விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டார்கள். மறுநாளே, யோசனையை மாற்றிக்கொண்டால் சேரலாம் என்று அழைப்பு வந்தது. அவர்கள் பிறகு உருவாக்கியது ரெடிட். ஏர்பிஎன்பி நிறுவனர்களின் யோசனையோ கிரஹாமுக்கு ஐயத்தையே உண்டாக்கியது. அந்நியரை வீட்டில் தங்கவைப்பார்களா என்று அவர் தயங்கினார். ஆனால் 2008 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது, வேட்பாளர்களின் பெயரால் தானியச் சிற்றுண்டிப் பெட்டிகளை அட்டையில் வடிவமைத்துத் தம் கையாலேயே ஒட்டி, ஒன்று 40 டாலர் வீதம் விற்றுக் கடனை அடைத்தவர்கள் அவர்கள் என்று தெரிந்ததும், இவர்கள் எளிதில் சாகமாட்டார்கள் என்ற நம்பிக்கை பிறந்தது. இரு நிகழ்ச்சிகளிலும் யோசனை பின்னுக்குச் செல்ல, செய்த செயல் முன்னுக்கு வருகிறது.

இம்முறையின் கவர்ச்சி பெரிது. அதன் குறையும் அந்தக் கவர்ச்சிக்குள்ளேயே இருக்கிறது. நமக்குப் படிக்கக் கிடைப்பவை வென்ற விண்ணப்பங்கள் மட்டுமே. எளிய நடையில் எழுதி, போட்டியாளர்களை நேர்மையாகப் பட்டியலிட்டு, விடாமுயற்சிக்குச் சான்றும் காட்டிய பிறகு நிராகரிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பது வெளியே தெரிவதில்லை. இரண்டாவதாக, அமைப்பை வளைத்துப் பயன் பெற்ற கதையைக் கேட்கும் ஒரு கேள்வி, அவ்வாறு வளைக்கும் துணிவை இளமையிலிருந்தே பெற்று வளர்ந்தவர்களுக்கு இயல்பாகவே சாதகமானது. குடும்பத்தின் முதல் பட்டதாரியாக, விதிகளை மீறாமல் நடந்தே ஒவ்வொரு படியாக ஏறிவந்த ஓர் இளைஞருக்குச் சொல்லக் கதையிராது. அதனால் அவருக்குத் திறமையில்லை என்று ஆகாது.

அரசுப் பணமும் அதன் கணக்கும்

தனியார் முதலீட்டாளர் பத்தில் ஒன்று பெருவெற்றி பெற்றால் போதும் என்று கணக்கிடலாம். வரிப்பணத்தைப் பகிர்ந்தளிக்கும் ஸ்தாபனம் ஒவ்வொரு ரூபாய்க்கும் பின்னாளில் தணிக்கையாளரிடம் பதில் சொல்ல வேண்டும். இந்த வேறுபாட்டை மறந்து, கலிஃபோர்னியாவுக்கு எழுதிய விண்ணப்பத்தையே அரசுத் திட்டத்துக்கும் அனுப்புகிறவர்கள் வீணே ஏமாற்றம் அடைகிறார்கள் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நிலைபெற்ற சிறுதொழில் புத்தாக்க ஆராய்ச்சித் திட்டம், முதல் கட்டத்தில் சிறு தொகை தந்து செய்முறை சாத்தியத்தைச் சோதிக்கச் செய்து, தேறியவர்களுக்கு இரண்டாம் கட்டத்தில் பெருந்தொகை தருகிறது. இந்தியாவிலும் உயிர்த்தொழில்நுட்பத் துறையின் பைராக் அமைப்பு வழங்கும் பிக் மானியம் 50 லட்சம் ரூபாய் வரையிலும், நிதி-பிரயாஸ் திட்டம் 10 லட்சம் வரையிலும், மாதிரியை உருவாக்கும் கட்டத்துக்கே உதவுகின்றன. தமிழ்நாட்டில் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் டான்சீட் திட்டம் ஆரம்ப நிலை நிறுவனங்களுக்கு நிதி தந்து வருகிறது.

2021இல் 945 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடு தொடங்கிய மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தை உதாரணமாகக் கொள்வோம். பணம் நேராக விண்ணப்பதாரருக்குச் செல்வதில்லை. புதிய நிறுவனங்களை வளர்த்தெடுக்கும் மையங்களான, அங்கீகரிக்கப்பட்ட இன்குபேட்டர்களின் வழியாகச் செல்கிறது, ஒருவர் மூன்று இன்குபேட்டர்கள் வரை தம் விருப்ப வரிசையில் குறிக்கலாம். கருத்தை நிரூபிக்கவும் மாதிரி செய்யவும் சோதனை நடத்தவும் 20 லட்சம் வரை மானியம். சந்தையில் இறங்க 50 லட்சம் வரை, பங்காக மாறக்கூடிய கடனாகவோ வேறுவிதக் கடனாகவோ. யோசனைக்குத் தேவை உண்டா, அது சாத்தியமா, விளைவு என்ன, புதுமை என்ன, குழு எத்தகையது, பணம் எப்படிச் செலவாகும் என்பவை அதன் மதிப்பீட்டில் அடங்கும். மானியத்தைக் கொண்டு கட்டடம் முதலிய வசதிகளை உண்டாக்கக் கூடாது என்பது விதி. பணம் தவணை தவணையாக, ஒப்புக்கொண்ட இலக்குகளை எட்டிய பிறகே வரும்.

இத்தகைய படிவத்தில் வெற்றி தோல்வி பெரும்பாலும் செலவுத் திட்டப் பகுதியில் தங்கியிருக்கிறது என்று தோன்றுகிறது. விண்ணப்பதாரர்களோ அப்பகுதியைத்தான் கடைசி இரவில் நிரப்புகிறார்கள். ஒரு கற்பனை விண்ணப்பத்தைக் கொள்வோம். நாகப்பட்டினம் கடற்கரையில் ஃபைபர் படகுகளில் செல்லும் மீனவர்களுக்காக, ஐஸ் வெகுநேரம் கரையாமல் காக்கும் பெட்டியொன்றை இரு இளைஞர்கள் செய்கிறார்கள். முதல் வரைவில், இந்தப் பெட்டி மீனவர் வாழ்வில் புரட்சி உண்டாக்கும் என்றும், நாட்டின் மீன் சந்தை இத்தனை கோடி, அதில் ஒரு சதவீதம் கிடைத்தாலும் போதும் என்றும், மானியத்தில் ‘தயாரிப்பு மேம்பாடு 8 லட்சம், சந்தைப்படுத்தல் 7 லட்சம், இதர செலவுகள் 5 லட்சம்’ என்றும் எழுதியிருக்கிறார்கள். இதைப் படிக்கும் குழுவினருக்கு எதையும் கேட்கவும் தோன்றாது, நம்பவும் தோன்றாது. திருத்திய வரைவு வேறுவிதமாகச் செல்கிறது: மூன்று படகுகளில் ஆறு வாரம் பெட்டியை வைத்துப் பார்த்தோம், ஐஸ் செலவு ஏறத்தாழப் பாதியானது, கரைக்கு வந்த மீனுக்கு ஏலத்தில் கிடைத்த விலையையும், அதே நாளில் பழைய பெட்டியில் வந்த மீனுக்குக் கிடைத்த விலையையும் எழுதி வைத்திருக்கிறோம், நான்காம் வாரத்தில் மூடியின் கேஸ்கட் உப்புநீர் பட்டு வெடித்துவிட்டது, வேறு ரப்பரில் கேஸ்கட் செய்யவும் மூடிக்குப் புதிய அச்சு எடுக்கவும் இன்ன பட்டறையில் விலைப்புள்ளி வாங்கியிருக்கிறோம், முதல் தவணை அதற்கு, இரண்டாம் தவணையில் பன்னிரண்டு படகுகளில் ஒரு பருவம் முழுவதும் சோதனை, கேஸ்கட் அப்பருவத்தைத் தாங்காவிட்டால் மூன்றாம் தவணையைக் கேட்கமாட்டோம்.

இரண்டாவது வரைவின் வலிமை அதன் நடையழகில் இல்லை. தோல்வியடைந்த கேஸ்கட்டை மறைக்காமல் எழுதியதால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் அதற்கு ஏன் பணம் வேண்டும் என்பதும் ஒரே மூச்சில் விளங்கிவிடுகின்றன. படகுக்காரரிடம் சென்று விசாரித்தாலும், பட்டறைக்குத் தொலைபேசியில் பேசினாலும், எழுதியது மெய்யா என்று அறியலாம். இப்படித் தாளுக்கு வெளியே சென்று சரிபார்க்கத் தக்க செய்திகள் ஒரு விண்ணப்பத்தில் எவ்வளவு நிறைந்திருக்கின்றனவோ அந்த அளவுக்கு அது வலிமையானது என்பதே, மேலே கண்ட எல்லாக் கட்சிகளிலும் குறைந்த ஆட்சேபத்துக்கு உள்ளாகும் நிலையாகத் தோன்றுகிறது. டிராப்பாக்ஸ் பட்டியலும் சிற்றுண்டிப் பெட்டியும் அந்த வகையைச் சேர்ந்தவையே.

தேர்வாளருக்கு எதிர்காலம் தெரியுமா

இதுவரை கண்ட வாதங்கள் அனைத்தும், தேர்வு செய்கிறவர்களால் நல்லதைக் கண்டறிய முடியும் என்று ஊகித்துக்கொள்கின்றன. அந்த ஊகத்தையே ஆட்டிவைத்த ஆய்வு நைஜீரியாவிலிருந்து வந்தது. 2011இல் அங்கே அரசு தொடங்கிய ‘யூவின்’ போட்டிக்கு ஏறத்தாழ 24,000 பேர் விண்ணப்பித்தார்கள்; 1,200 பேருக்குச் சராசரி 50,000 டாலர் அளவில் மானியம் கிடைத்தது. டேவிட் மெக்கன்சியும் டாரியோ சன்ஸோனேயும் மூன்றாண்டுகளுக்குப் பின் சென்று பார்த்தபோது, நடுவர்கள் திட்டங்களுக்கு இட்ட மதிப்பெண்ணுக்கும், தொழில் பிழைத்ததா, எத்தனை பேருக்கு வேலை தந்தது, எவ்வளவு விற்றது, எவ்வளவு லாபம் ஈட்டியது என்பவற்றுக்கும் தொடர்பே காணப்படவில்லை. இயந்திரக் கற்றல் முறைகளும் குறிப்பிடத்தக்க அளவு மேம்படவில்லை.

சப்ரினா ஹோவல் அமெரிக்க எரிசக்தித் துறையின் மானியங்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவு இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. 1,50,000 டாலர் அளவிலான முதல் கட்ட மானியம், பெற்ற நிறுவனத்துக்குப் பின்னர் துணிகர மூலதனம் கிடைக்கும் வாய்ப்பை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது. அரசின் முத்திரை கிடைத்த பெருமையால் அன்று, அந்தப் பணத்தில் மாதிரியைச் செய்து பார்க்க முடிந்ததாலேயே இது நேர்ந்தது என்பது அவர் விளக்கம். அப்படியானால் விண்ணப்பத்தின் எழுத்தைவிட, அது வாங்கித் தரும் சோதனைக்கே முக்கியத்துவம் உண்டு.

இந்த அவநம்பிக்கையை முற்றிலும் ஏற்க வேண்டியதில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆலோசனைத் திட்டத்துக்கு வந்த எழுத்துச் சுருக்கங்களை ஸ்காட், ஷூ, லூபின்ஸ்கி ஆகியோர் ஆராய்ந்தபோது, வன்பொருள், எரிசக்தி, உயிரியல் போன்ற ஆராய்ச்சி மிகுந்த துறைகளில் நிபுணர்களின் ஆர்வம் பின்னால் வந்த வெற்றியோடு ஒத்திருந்தது; மென்பொருள் போன்ற துறைகளில் அவ்வாறு இல்லை. ஒரு வேதியியல் முறை நடக்குமா நடக்காதா என்பதைத் தாளில் பார்த்தே ஓரளவு சொல்லலாம்; ஒரு செயலியை மக்கள் விரும்புவார்களா என்பதைச் சொல்ல முடியாது. ஆராய்ச்சி மிகுந்த துறையினர் தொழில்நுட்ப விளக்கத்திலும், மற்றவர்கள் பயன்படுத்தியவர்களின் நடத்தையிலும் தம் உழைப்பைச் செலுத்துவது நலம் என்று இதிலிருந்து எச்சரிக்கையோடு ஊகிக்கலாம்.

யார் பேசுகிறார் என்பது

விண்ணப்பத்தின் வலிமையைப் பற்றிப் பேசும் நூல்களில் பல, அதைப் படிப்பவரின் பாரபட்சத்தைப் பற்றி மௌனமாக இருந்துவிடுகின்றன. இது வருந்தத்தக்கது. புரூக்ஸும் அவருடைய சகாக்களும் 2014இல் வெளியிட்ட பரிசோதனையொன்றில், ஒரே உரையை ஆண் குரலிலும் பெண் குரலிலும் கேட்கச் செய்தபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆண் குரல் சொன்னதையே முதலீட்டுக்கு உகந்ததாகக் கருதினார்கள். ஒரு சொல்லும் மாறவில்லை.

டானா கான்ஸேயும் பிறரும் நியூயார்க்கின் டெக்கிரஞ்ச் மேடையில் முதலீட்டாளர்களுக்கும் தொழில்முனைவோருக்கும் இடையே நடந்த கேள்வி பதில்களை ஆராய்ந்தார்கள். ஆண்களிடம் கேட்ட கேள்விகளில் 67 சதவீதம், எவ்வளவு வளர்வீர்கள், எங்கெங்கே விரிவீர்கள் என்ற வகை. பெண்களிடம் கேட்டவற்றில் 66 சதவீதம், நஷ்டத்தை எப்படித் தவிர்ப்பீர்கள், இருப்பதை எப்படிக் காப்பீர்கள் என்ற வகை. தற்காப்பைக் கேட்டபோதும் வளர்ச்சியைச் சொல்லி விடையளித்தவர்கள், கேள்வியின் போக்கிலேயே விடையளித்தவர்களைவிடக் கணிசமாக அதிக நிதி திரட்டினார்கள். இது விண்ணப்பதாரருக்குப் பயன்படும் உத்திதான். ஆனால் அநீதியைச் சமாளிக்கும் சுமையையும் அநீதிக்கு உள்ளானவரே சுமக்க வேண்டும் என்று விட்டுவிடுவது நிதி தரும் ஸ்தாபனங்களுக்கு அழகன்று. கேள்விகளை எல்லோருக்கும் ஒன்றாக எழுதி வைத்துக் கேட்பது அவற்றால் இன்றே செய்யக்கூடிய காரியம்.

நம் நாட்டில் இதனோடு மொழியும் சேர்கிறது. பெரும்பாலான படிவங்கள் ஆங்கிலத்திலேயே நிரப்பப்படுகின்றன. நேர்காணலும் அம்மொழியிலேயே நடக்கிறது. பட்டறையில் பத்தாண்டு உழைத்து, உலோகத்தின் இயல்பை விரல் நுனியில் அறிந்தவர் தம் தாய்மொழியில் அரைமணி நேரம் தெளிவாக விளக்கக்கூடியதை, படிவத்தின் நூறு ஆங்கிலச் சொற்களில் அடைக்க இயலாமல் பிறர் உதவியை நாடுகிறார்; அவ்வுதவியில் அவருடைய அறிவு வழவழப்பான பொதுச் சொற்களாகக் கரைந்துபோகிறது. டான்சீட் போன்ற மாநிலத் திட்டங்கள் தமிழில் எழுதிய விண்ணப்பத்தையும் தமிழில் நடக்கும் நேர்காணலையும் ஆங்கிலத்துக்குச் சமமாக மதிப்பிடும் ஏற்பாட்டை உறுதியாக நிலைநாட்டினால், இதுவரை தெரியாத திறமைகள் தெரியவரக்கூடும்.

தீராதவை

கேட்ட மாத்திரத்தில் பிழையற்ற, சரளமான பத்திகளை எழுதித் தரும் இயந்திரங்கள் இப்போது எல்லோர் கையிலும் இருக்கின்றன. மொழித் தடையால் ஒதுங்கி நின்றவருக்கு இது ஒரு துணை. அதே வேளையில், தெளிவான எழுத்து தெளிவான சிந்தனையின் அடையாளம் என்று தேர்வாளர்கள் கொண்டிருந்த நம்பிக்கை பலமிழக்கிறது. எழுத்துக்கு இருந்த மதிப்பு நேர்காணலுக்கும் மாதிரிக்கும் இடம் பெயருமா, அப்படிப் பெயர்ந்தால் மேடைக் கூச்சம் உடையவர்கள் புதிதாக நஷ்டப்படுவார்களா என்பதைக் கூறும் ஆய்வுகள் இனிமேல்தான் முதிர வேண்டும்.

நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள் ஆய்வாளர்களுக்குக் கிடைப்பது அரிதாக இருக்கும்வரை, வலிமையைப் பற்றிய நம் அறிவு ஒருபக்கமாகவே இருக்கும். பெயர்களை நீக்கி அவற்றை ஆய்வுக்குத் தரும் கடமை, குறைந்தபட்சம் பொதுப் பணத்தைக் கையாளும் திட்டங்களுக்கேனும் உண்டு.

இறுதியாக, குலுக்கல் முறை பற்றிய வினா. நைஜீரியப் போட்டியில் அரையிறுதிக்கு வந்த 1,841 பேரிலிருந்து 729 வெற்றியாளர்கள் குலுக்கல் மூலமே தெரிவு செய்யப்பட்டார்கள். மூன்றாண்டுகளுக்குப் பின் அவர்களுடைய தொழில்கள், குலுக்கலில் விடுபட்டவர்களுடையவற்றைவிட அதிகமானோருக்கு வேலை தந்துகொண்டிருந்தன. நியூஸிலாந்தின் சுகாதார ஆராய்ச்சி மன்றமும் ஸ்விட்ஸர்லாந்தின் தேசிய அறிவியல் அறக்கட்டளையும் ஆராய்ச்சி மானியங்களில் குலுக்கலுக்கு இடம் தந்திருக்கின்றன. தகுதிக் கோட்டுக்கு மேலே உள்ளவர்களை நடுவர்களால் உண்மையிலேயே தரம் பிரிக்க இயலாதென்றால், அவர்களிடையே குலுக்குவது நேர்மையான வழி என்று வாதிட இடமுண்டு. ஆனால் அக்கோட்டை எங்கே போடுவது, மென்பொருளுக்கும் மருத்துவக் கருவிக்கும் ஒரே கோடு பொருந்துமா, குலுக்கலில் தோற்றவர் அடுத்த சுற்றில் மீண்டும் முழு விண்ணப்பம் எழுத வேண்டுமா அல்லது நேராகவே குலுக்கலில் சேரலாமா என்பவற்றில் இன்னும் கருத்தொற்றுமை இல்லை. இந்தியத் திட்டம் ஏதேனும் ஒன்று ஒரே ஒரு சுற்றிலாவது இதைச் சோதித்துப் பார்த்து, அதன் விளைவுகளை வெளியிட்டால், விவாதம் ஊகத்தைக் கடந்து செல்லும்.